பதிப்பு நான்கு

பிரிக்பீல்ட்ஸில், மோனோரயில் தூணுக்குப் பக்கத்தில்
எட்டாம் எண் கம்பத்துக்கு
ஒரு குரல் வேண்டும் என்றார்கள்.
பார்வையற்றோர் சாலையைக் கடக்கும் இடம்.
பச்சை எரிவதைக் காதுக்குச் சொல்ல வேண்டும்.
விண்ணப்பத்தில் இருந்தது அவ்வளவுதான்.
மீதியை நான் நிரப்பினேன்.

முதல் பதிப்பு வெறும் டிக் டிக்.
ஆய்வுக்கூடத்தில் அருமையாகக் கேட்டது.
சாலையில் ஒரு பேருந்து பெருமூச்சு விட்டதும்
செத்துப்போனது.

இரண்டாவதற்கு ஒலியைக் கூட்டினேன்.
எதிர் மாடியில், மருத்துவமனை இரவுப்பணி முடித்துப்
பகலில் தூங்கும் நோர் அஸ்லிண்டா
மாநகர மன்றத்துக்கு மூன்று கடிதம் எழுதினாள்.
மூன்றிலும் அதே கடைசி வரி:
நானும் இந்தச் சாலையில்தான் இருக்கிறேன்.

மூன்றாவதுதான் என் பெருமை.
இரண்டே சுரம், மேலே ஒன்று கீழே ஒன்று.
இஞ்சின்கள் விட்டுவைத்த இடைவெளியில்
ஊசிபோல நுழையும்.
நாற்பது பேரை வைத்துச் சோதித்தோம்.
முப்பத்தொன்பது பேர் சரியாகக் கடந்தார்கள்.
நாற்பதாவது ஆள் போனில் பேசிக்கொண்டிருந்தார்;
அதை அடிக்குறிப்பில் எழுதினேன்,
கணக்கில் சேர்க்கவில்லை.

ஆறு வாரம் போயிருக்கும்.
மசாஜ் நிலையத்தில் வேலை செய்யும் திலகேஸ்வரி
என் அலுவலக எண்ணைத் தேடிப் பிடித்து அழைத்தாள்.
‘உங்க கம்பம் சிவப்புலயும் பாடுது.’
இருக்காது என்றேன்.
நொடிவாரியாகப் பதிவேடு இருக்கிறது என்றேன்.
‘வந்து கேளுங்களேன்.’

போனேன்.
சிவப்பு.
கார்கள் பாய்ந்துகொண்டிருந்தன.
மேலே, கேபிளில், மஞ்சள் மூக்கோடு
ஒரு மைனா
என் இரண்டு சுரத்தையும் பிசகாமல் பாடியது.

எனக்கு முதலில் வந்தது,
வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், மகிழ்ச்சி.
பிறகுதான் முதுகு சில்லிட்டது.

‘நீங்க ஏன் இறங்கல?’
‘அது முடிக்கிறப்ப லேசா மூச்சு இழுக்குது.
உங்க மிஷினுக்கு மூச்சு கிடையாது.’
வெள்ளைக்கோலை ஒருமுறை தட்டினாள்.
‘பதினோரு வருஷமா இங்க நடக்கிறேன், எனக்குத் தெரியுது.
நேத்து ஈப்போவுலேருந்து வந்த பையனுக்குத்
தெரியுமா?’

அபாய மதிப்பீட்டுப் படிவத்தில்
இருபத்து மூன்று வரிசை.
மின்தடை, அடைமழை, பொத்தானில் ஒட்டிய சூயிங்கம்.
எறும்புக்குக்கூட ஒரு வரிசை உண்டு.
இருபத்து நான்கு என்று எண்ணிட்டு,
‘கேட்டுக் கற்கும் உயிர்கள்’ என எழுதினேன்.
மேலாளர் ஹோ இரண்டு தடவை படித்தார்.
நிகழ வாய்ப்பு எவ்வளவு,
குறைவா, நடுத்தரமா, அதிகமா என்றார்.
நிகழ்ந்துவிட்டது என்றேன்.
அதற்குக் கட்டம் இல்லை.

நான்காம் பதிப்பு பேசாது.
பொத்தானுக்குக் கீழே உள்ளங்கை அளவு தகடு,
பச்சை வந்தால் துடிக்கும்.
திலகேஸ்வரி கை வைத்துப் பார்த்தாள்,
நாளெல்லாம் ஊராரின் தோள்முடிச்சுகளைப் படிக்கும் கை.
‘இது நல்லாருக்கு’ என்றாள்.
கொஞ்சம் கழித்து,
‘ஆனா கம்பம் எங்க இருக்குன்னு
அந்தச் சத்தம்தானே சொல்லுச்சு?’

எழுதிக்கொண்டேன்.
ஐந்து அங்கே தொடங்கியது.

மூன்றாவதின் ஒலிபெருக்கியைக் கழற்றி
என் மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன்,
ஸ்டேப்ளருக்கும் பழைய அடையாள அட்டைக்கும் நடுவில்.
ஊமையாகி நான்கு மாதம்.

நேற்று நோர் அஸ்லிண்டாவின் நான்காவது கடிதம்:
சத்தம் நிற்கவில்லை.
இப்போது காலை ஏழுக்கே ஆரம்பிக்கிறது,
இரண்டு பக்கத்திலிருந்தும்.
புதிதாக ஒரு சின்னக் குரல் வேறு,
கீழ்ச்சுரத்தில் கொஞ்சம் தடுக்கி.

புகாரை மூட ஒரே கேள்விதான் பாக்கி.
கருவி அகற்றப்பட்டதா?
ஆம், அல்லது இல்லை.
மதிய உணவுக்கு எல்லோரும் போய்விட்டார்கள்.
கர்சர் விட்டுவிட்டு மின்னுகிறது,
மூச்சில்லாமல்.